வேர் பிடிக்கும் வரை...

வாசலில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "முழம் என்னம்மா விலை?" என்பதுதான். பேரம் பேசி, முழத்துக்கு மேல் ஒரு சாண் கொசுறும் வாங்கி, சாமி படத்துக்குக் கொஞ்சம், நமக்குக் கொஞ்சம், பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் என்று நறுக்கி வைத்துவிடுகிறோம். அதோடு பூ விஷயம் முடிந்தது! அந்தப் பூவுக்கு ஒரு பாஷை உண்டு, நாதியில்லாத ஒரு குழந்தையைக்கூட அந்தப் பாஷை ஒரு வீட்டோடு சேர்த்து வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

என்னை நம்ப வைத்தது ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் வனெசா டிஃபன்பா எழுதி 2011ல் வெளிவந்த 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃப்ளவர்ஸ்', அதாவது 'பூக்களின் பாஷை'. நான் பிளஸ் டூ வரை படித்தவள். தடியான இங்கிலீஷ் நாவலைக் கையில் எடுக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. என் மகள்தான் படித்துவிட்டு, மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு தினம் கொஞ்சமாக ஒரு வாரம் தமிழில் கதையாகச் சொன்னாள். நீங்களும் கேளுங்களேன்.

விக்டோரியாவின் கதை

விக்டோரியா ஜோன்ஸ் என்று ஒரு பெண். பிறந்ததுமே பெற்றவளால் கைவிடப்பட்டவள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழந்தைகளை அரசாங்கம் வளர்ப்புக் குடும்பங்களில் கொண்டுபோய் விடுகிறது. குழந்தையின் செலவுக்குப் பணமும் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழந்தை முரண்டு பிடித்தால், "எங்களுக்குச் சரிப்படவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். ஓட்டைப் பாத்திரத்தைக் கடையில் மாற்றிக்கொள்கிற மாதிரி! விக்டோரியா இப்படி எத்தனையோ வீடுகள் மாறியவள். யாரையும் தொட விடமாட்டாள், யாரையும் நம்ப மாட்டாள். "அனுப்பத்தானே போகிறார்கள், அதை நாமே சீக்கிரம் செய்ய வைப்போம்" என்கிற மாதிரி நடந்துகொள்வாள்.

அவளுக்கு ஒன்பது பத்து வயதாகும்போது எலிசபெத் என்கிற திராட்சைத் தோட்டக்காரியிடம் வருகிறாள். அங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறாள். எலிசபெத்தின் செருப்புக்குள் கள்ளிச் செடியின் முள்ளைப் போட்டு வைக்கிறாள்! எலிசபெத் அதற்காக அவளைத் திருப்பி அனுப்பவில்லை. "கள்ளிக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தீவிரமான அன்பு" என்கிற மாதிரி பாடம் நடத்துகிறாள். இப்படித்தான் பூக்களின் பாஷை அந்தக் குழந்தைக்குள் நுழைகிறது. பேச வராத குழந்தைக்குப் பேச ஒரு வழி கிடைக்கிறது.

எலிசபெத் அவளைச் சட்டப்படி தத்து எடுப்பதாக இருக்கிறது. ஆனால் தன் கூடப்பிறந்தவளோடு தீராத மனஸ்தாபத்தில் இருக்கும் எலிசபெத், அந்த நாளில் மனம் உடைந்து தவறிவிடுகிறாள். ஏமாற்றமும் ஆத்திரமுமாகக் குழந்தை திராட்சைத் தோட்டத்துக்கு நெருப்பு வைக்கிறது. அதோடு இருவரும் பிரிகிறார்கள்.

பதினெட்டு வயது முடிந்ததும் சட்டப்படி அரசாங்கத்தின் பொறுப்பும் முடிகிறது. கையில் காசில்லை, போக இடமில்லை. ஒரு பூங்காவில் புதர் மறைவில் படுத்துக்கொண்டு, அங்கேயே தன் செடிகளையும் வைத்துக்கொள்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை பூ. அதைக் கொண்டு ரெனாட்டா என்பவளின் பூக்கடையில் வேலை கிடைக்கிறது. வருகிறவர்களின் மனக்குறையைக் கேட்டு, அதற்கேற்ற அர்த்தமுள்ள பூவாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுப்பாள். அவளைத் தேடிக் கூட்டம் வர ஆரம்பிக்கிறது. பூச்சந்தையில் கிராண்ட் என்ற இளைஞனின் சிநேகிதமும் கிடைக்கிறது. அவன் எலிசபெத்தின் அக்கா தங்கை வழிப் பிள்ளை என்பது பிறகு தெரிகிறது.

இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். விக்டோரியாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. துணைக்கு ஆளில்லாமல், ராத்திரி பகல் தூக்கமில்லாமல், ஓயாமல் பால் கொடுத்து அவள் துவண்டுபோகிறாள். "தாயையே பார்க்காத எனக்கு எப்படித் தாயாக இருக்க வரும்?" என்ற பயம் வேறு. கடைசியில் ஒரு கூடையில் பாசியைப் பரப்பி, அதில் குழந்தையைப் படுக்க வைத்து, கிராண்டின் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். நம் கிணற்றடியில் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அந்த மாதிரிப் பாசி. அந்த ஊர்ப் பூ அகராதியில் பாசிக்குத் தாய்ப்பாசம் என்று அர்த்தம். வேரே இல்லாமல் வளர்கிற செடி அது. வேர் இல்லாத தன்னாலும் பாசம் காட்ட முடியும் என்று அவளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகிறது. பிறகு மெல்ல எலிசபெத்திடமும், கிராண்டிடமும், குழந்தையிடமும் திரும்பி வருகிறாள். குழந்தையின் பெயர் ஹேசல். சமாதானம் என்று அர்த்தம்.

எழுதியவர் வெறும் கற்பனையில் எழுதவில்லை. அவரும் அவர் கணவரும் வளர்ப்புப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தவர்கள். நாவலுக்குப் பிறகு, பதினெட்டு வயதில் வெளியே வருகிற பிள்ளைகளுக்கு உதவ 'கமெல்லியா நெட்வொர்க்' என்ற அமைப்பையும் தொடங்கினார். கமெல்லியா பூவுக்கு "என் விதி உன் கையில்" என்று அர்த்தமாம். பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அங்கே வெறுப்பு, இங்கே தெய்வம்

இந்தப் பூ அகராதி ஐரோப்பாவில் 200 வருஷத்துக்கு முன்னால் நாகரிகமாகப் பரவியது. 1819ல் பாரிஸில் ஒரு புத்தகம், 1884ல் இங்கிலாந்தில் கேட் கிரீனவே படம் போட்டு வெளியிட்ட புத்தகம் என்று பல வந்திருக்கின்றன. அவற்றில் நம் துலுக்கச் சாமந்தி மாதிரி இருக்கிற ஒரு பூவுக்குத் துக்கம் என்று அர்த்தம். நாமோ துலுக்கச் சாமந்தியை ஆயுத பூஜைக்கு வாசலெல்லாம் கட்டுகிறோம்! நம் துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கிற திருநீற்றுப் பச்சிலைக்கு அங்கே வெறுப்பு என்று அர்த்தம். நாமோ துளசியை மாடத்தில் வைத்துச் சுற்றி வருகிறோம். மஞ்சள் ரோஜாவுக்கு ஒரு புத்தகத்தில் ஓர் அர்த்தம், இன்னொன்றில் வேறு அர்த்தம் என்று நாவலின் விக்டோரியாவே குழம்பிப் போகிறாள்.

பூவுக்கு அர்த்தம் கொடுப்பதில் நம் முன்னோர் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் அந்த நிலத்துக் காதலையும் செடிகொடியின் பெயரால்தான் சொன்னார்கள். வெட்சி சூடினால் பகைவரின் ஆநிரை கவரப் போகிறான் என்று பொருள். தும்பை சூடினால் போர், வாகை சூடினால் வெற்றி. இன்றைக்கும் தேர்தலில் ஜெயித்தவரை "வாகை சூடினார்" என்றுதானே பத்திரிகைகள் எழுதுகின்றன! வீட்டு விசேஷத்திலும் அப்படித்தான். பெண்ணை நிச்சயம் செய்வதைப் 'பூ வைப்பது' என்கிறோம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூ முடிப்பு வைக்கிறோம். கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிறோம்.

துளசியின் அடியில் ஒரு குழந்தை

மகள் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது, "இது நம்ம ஆண்டாள் கதை மாதிரியே இருக்கே!" என்று எனக்குத் தோன்றியது. நன்றாக யோசித்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, பூக்கொய்து, மாலை கட்டி வடபத்ரசாயி பெருமாளுக்குச் சாத்துவதையே தன் தொண்டாகச் செய்து வந்தவர் விஷ்ணுசித்தர் என்கிற பெரியாழ்வார். ஒரு ஆடி மாதப் பூர நட்சத்திரத்தில் அந்த நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் அவர் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. அவர் வைத்த பெயர் கோதை. கோதை என்றால் பூமாலை என்றே அர்த்தம். தன் கையால் தினமும் எதைக் கட்டினாரோ, எதை உயிராக நினைத்தாரோ, அதன் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்!

பெரியாழ்வாரின் பாசுரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் எப்பேர்ப்பட்ட தாயுள்ளம் கொண்டவர் என்று. கண்ணனைக் குழந்தையாக வைத்துக்கொண்டு தொட்டில் ஆட்டுகிறார், நீராட அழைக்கிறார், நிலாவைக் கூப்பிடுகிறார். பூச்சூட்டலுக்கென்றே ஒரு பதிகம். மல்லிகை, செண்பகம், பாதிரி, செங்கழுநீர் என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு பூவைச் சொல்லி, "சூட்டிக்கொள்ள வா" என்று பிள்ளையைக் கெஞ்சுகிற பதிகம் அது. அப்படிப்பட்டவரின் கையில் வளர்ந்த பெண்ணுக்குப் பூ என்றால் வேறென்ன தோன்றும்? நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் முல்லைக் கொடியோடும் கோவைக் கொடியோடும் மனிதரிடம் முறையிடுகிற மாதிரி பேசுகிறாள்.

இனி நாம் எல்லோரும் அறிந்த கட்டம். பெருமாளுக்கென்று கட்டி வைத்த மாலையைக் கோதை தான் சூடி, அழகு பார்த்துவிட்டு, திரும்பக் குடலையில் வைத்துவிடுவாள். ஒரு நாள் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய பார்வையில் இது சின்ன விளையாட்டில்லை, பெரிய அபசாரம். அன்றைக்கு அந்த மாலையைச் சாத்தாமல் வேறு மாலை கட்டுகிறார். மனம் நோகிறார். அப்புறம் என்ன ஆகிறது? பெருமாள் கனவில் வந்து, "அவள் சூடிய மாலைதான் எனக்கு வேண்டும்" என்கிறார். குழந்தையின் குற்றமே குழந்தைக்குப் பட்டமாகிவிடுகிறது! 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' என்று இன்றைக்கும் உலகம் அவளைக் கூப்பிடுவது அந்தத் தப்பை வைத்துத்தான். இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்கும் போகிறது.

பக்திக்காக இதைக் கேட்பவர்கள் கேட்கட்டும். ஒரு தாயாக எனக்கு இதில் வேறொன்றும் கேட்கிறது. கண்டெடுத்த பிள்ளை தப்புச் செய்தபோது, "பெத்த பிள்ளையா இருந்தா இப்படிச் செய்யுமா?" என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. எலிசபெத்தின் செருப்பில் முள் கிடந்தபோதும் எழவில்லை. எழுதாத சட்டமாக இதை நாம் வைத்துக்கொள்ளலாம்: வந்த பிள்ளை நம் பிள்ளை ஆவது அது நல்லபடி நடந்துகொள்கிற நாளில் இல்லை, அது தப்புச் செய்த மறுநாள் காலையில்தான்.

எங்கள் வீட்டு முல்லை

என் தங்கையும் அவள் கணவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஒரே பெண். இரண்டு வருஷம் அத்தை வீடு, சித்தப்பா வீடு, என் அம்மா வீடு என்று மாறி, அம்மாவும் காலமான பிறகு பத்து வயதில் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். (அவள் இப்போது வளர்ந்த பெண். அதனால் பெயர் வேண்டாம்.) அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள். வைத்ததைச் சாப்பிடுவாள். ஆனால் துணிமணியை அலமாரியில் வைக்கவே மாட்டாள். எல்லாம் பைக்குள்ளேயே இருக்கும். தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைத்திருப்பாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் என் மாமியார் வைத்த முல்லைக் கொடி பந்தல் ஏறியிருந்தது. சாயந்திரமானால் தெருவே மணக்கும். ஒரு சித்திரை மாதம், ஊரிலிருந்து வந்த உறவுக்கார அம்மாள் ஒருவர், அந்தப் பெண் காதுபடவே, "மருமக தங்கச்சி பொண்ணை இன்னும் எத்தனை நாளைக்கு வெச்சுக்கப் போறீங்க?" என்று மாமியாரைக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், முல்லைக் கொடி அடியோடு வெட்டுப்பட்டுக் கிடக்கிறது! பக்கத்தில் அரிவாள். வாசற்படியில் அந்தப் பெண், மடியில் தன் பையோடு. "எப்ப அனுப்புவீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாள்.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. என் மாமியார்தான் உள்ளேயிருந்து வந்தார். எட்டு வருஷக் கொடி அது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "முல்லைதானே, துளுத்துக்கும். வெயில்ல உக்காராத, உள்ள வந்து சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். சாயந்திரம், "வெட்டினவ நீதானே, தினம் ஒரு குடம் தண்ணி நீதான் ஊத்தணும்" என்று வேலையும் கொடுத்தார். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரும் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாப்பா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

முல்லையின் குணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஜனவரி கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு அதைக் கவாத்து செய்வது வழக்கம்தான். வெட்டினால்தான் புதுக் கிளை, புதுக் கிளையில்தான் பூ. ஆனால் பத்து வயதுக் குழந்தைக்கு அது தெரியாதே! கட்டையிலிருந்து முதல் துளிர் வந்த அன்றைக்கு, "ஆயா! ஆயா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் குரலை உயர்த்தியது அன்றுதான். பை எப்போது காலியானது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் துணி மடித்து வைக்கும்போது பார்த்தேன், அவள் பாவாடை சட்டையெல்லாம் என் மகளின் துணியோடு கலந்து அலமாரியில் இருந்தது.

பதியன் சொல்லும் பாடம்

அடுத்த வருஷம் மாமியார் அவளுக்குப் பதியன் போடக் கற்றுக்கொடுத்தார். தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகளுக்காக அதையும் எழுதிவிடுகிறேன். ஜூன், ஜூலையிலிருந்து நவம்பர் வரை இதற்கு நல்ல காலம்.

நன்றாக முற்றிய, தரையைத் தொடும் அளவுக்கு வளைகிற கிளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் போகும் இடத்தில் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணுவுக்குக் கீழே சாய்வாக லேசான ஒரு கீறல் போடுங்கள். ஒடிந்துவிடக் கூடாது! செம்மண்ணும் மணலும் மக்கிய சாணி எருவும் கலந்த தொட்டியில் அந்த இடத்தை அரைச் சாண் ஆழத்தில் புதைத்து, நுனி வெளியே தெரியும்படி விட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். மண் காயாமல் ஈரம் இருக்கட்டும், சேறாக வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் வேர் இறங்கிவிடும். அப்புறம் தாய்ச் செடியின் பக்கமாக வெட்டிவிட்டு, உடனே பிடுங்காமல் பத்து நாள் அங்கேயே விட்டு, பிறகு வேண்டிய இடத்தில் நடலாம்.

மல்லிகைக்கும் இதே முறைதான். அவசரப்பட்டு ஒரு மாதத்தில் வெட்டினால் கிளை காய்ந்துவிடும். தாய்ச் செடியின் சாறு ஒரு பக்கம் வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் சொந்த வேர் இறங்க வேண்டும். இந்தப் பாடத்தைத்தான் பிள்ளைகள் விஷயத்தில் உலகம் மறந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாவல் வந்த காலத்தில் அமெரிக்காவில் வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதினெட்டு வயதில் இப்படித் தனியே வெளியே வந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது என்றால் என்ன? காலேஜ் பீஸ் யார் கட்டுகிறார்கள்? காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்கிறது? இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த 'யாருக்கு' என்பதற்குப் பதிலே இல்லாமல் போகலாம்.

கபிலர் ஏற்ற பொறுப்பு

வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு பெரியவர் வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். மூவேந்தர்களும் பகைத்து பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் அனாதையானார்கள். பிற்காலத்தில் அங்கவை, சங்கவை என்று அவர்களுக்குப் பெயர் சொல்கிறார்கள். அவர்களைத் தன் பொறுப்பாக ஏற்றவர் பாரியின் நண்பர் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்ன அதே கபிலர்!

பெண்கள் வளர்ந்தவர்கள்தான். "இனி உங்கள் பாடு" என்று அவர் விட்டுவிடவில்லை. விச்சிக்கோன், இருங்கோவேள் என்று ஒவ்வொரு சிற்றரசனாகத் தேடிப் போய், "இவர்களை மணந்துகொள்" என்று கேட்கிறார். அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். கடைசியில் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமான் குலத்தில் கொடுத்துவிட்டுத்தான் அவர் உயிர் நீத்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே பெண்ணையாற்றில் இருக்கிற கபிலர் குன்றை இன்றும் பார்க்கலாம். எங்கள் ஊரிலிருந்து திருக்கோவிலூர் அதிக தூரமில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வளர்ப்புப் பராமரிப்பு: தத்து எடுப்பது வேறு, இது வேறு. பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2024ல் திருத்திய வழிகாட்டு விதிகளின்படி, திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான பெண்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

உதவித் தொகை: 2022ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்படி வளர்ப்புப் பராமரிப்புக்கும், நிதி ஆதரவுக்கும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் ஏழைக் குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய். அதன் பிறகு மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவி.

பதினெட்டுக்குப் பிறகு: இல்லத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வயது வரை, தங்குமிடமும் படிப்பும் வேலைப் பயிற்சியும் தர விதி இருக்கிறது. அதாவது, பதியனை அவசரப்பட்டு வெட்டாதே என்று சட்டமும் சொல்கிறது!

விவரம் கேட்க ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஆதரவில்லாத குழந்தையைப் பற்றித் தெரிவிக்க 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

நம்மால் ஆனது

எல்லோராலும் ஒரு குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட முடியாது. முடியும் என்று சொல்வது சுலபம், குடும்பம் நடத்துகிற நமக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆனால் சில காரியங்களை யாரும் செய்யலாம்.

தெருவிலோ உறவிலோ பாட்டி, அத்தை, மாமா வீட்டில் வளர்கிற பிள்ளை இருந்தால், அவர்கள் எதிரில் "பாவம், அம்மா இல்லாத பிள்ளை" என்று உச்சுக் கொட்டாதீர்கள். "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். வளர்க்கிறவளுக்கு ஒரு வேளை ஓய்வு கொடுங்கள். "சாயந்திரம் பிள்ளையை எங்க வீட்டுக்கு அனுப்பு, என் பிள்ளையோட உக்காந்து படிக்கட்டும்" என்று சொன்னாலே பெரிய உதவி.

பிறந்த நாளென்று குழந்தைகள் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறவர்கள், கூடவே போட்டோ எடுத்துப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே தப்பு. வருஷத்துக்கு ஒரு நாள் போவதைவிட, இல்லத்தாரிடம் அனுமதி கேட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் போவது மேல். தையலோ, பூக்கட்டுவதோ, கணக்கோ, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். வருகிறேன் என்று சொன்ன தேதியில் மட்டும் கட்டாயம் போய்விடுங்கள். ஏமாந்து பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவித்த புதிதில், "எனக்கு அம்மாவாக இருக்கவே தெரியவில்லையோ" என்ற அழுகை தாய் இல்லாத விக்டோரியாவுக்கு மட்டும் வருவதில்லை, பிறந்த வீட்டில் சொந்த அம்மா பக்கத்திலிருக்கும் பெண்ணுக்கும் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமியார்மார்களே, அந்த நேரத்தில் குழந்தையை இரண்டு மணி நேரம் நீங்கள் வாங்கிக்கொண்டு, பெண்ணைத் தூங்க விடுங்கள்!

எங்கள் வீட்டுப் பெண் இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பதினெட்டு முடிந்து இரண்டு வருஷமாகிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்துவிடும். முதல் கேள்வி, "ஆயா மாத்திரை போட்டாங்களா பெரியம்மா?" இரண்டாவது கேள்வி, "கொடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

இந்த ஜூன், ஜூலையில் நீங்களும் பதியன் போடுங்கள். உங்களுக்கு ஒன்று போட்டால், கூட இரண்டாகப் போட்டு வையுங்கள். வேர் பிடித்ததும் ஒன்றைப் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் கொடுத்து, ஒரு குழந்தையின் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். பூத்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கிலாவது நாம் மறுபடி மறுபடி அங்கே போவோமே!